தகடு எவ்வளவு உயரத்தில் நிற்கும்?

(திருகோணமலையில் நடந்த எமது சங்கத்தின் தோட்டக்கிளைப் பிரதிநிதிகள் பயிற்சி முகாமில் இரண்டாம் நாள் காலை ஆற்றப்பட்ட உரை. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நேற்று முழுக்க வெயிலில் அலைந்தோம். குளிரிலும் பனியிலும் வளர்ந்த நமக்கு இந்தக் கச்சான் காற்று முகத்தில் அடித்தால் அடுப்படியில் நிற்கிற மாதிரி இருக்கிறது. கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, சம்பூர் வரைக்கும் போய் வந்தோம். சூரிய மின் நிலையத்துக்கென்று ஒதுக்கிய காணி இருக்கிற பக்கத்தைப் பார்த்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இருந்த அக்கா ஒருவர் தோளைத் தட்டிக் கேட்டார்: "டீச்சர், இம்பூட்டு நெலத்துலயும் கண்ணாடிய விரிச்சிப்புட்டா அடியில புல்லாவது மொளைக்குமா?"

இன்று நான் பேச வைத்திருந்த தலைப்பு வேறு. ராத்திரி அதை மாற்றிவிட்டேன். அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இந்தப் பேச்சு.

முதலில் சம்பூர். அந்த மண்ணின் கதை தெரியாமல் கண்ணாடியைப் பற்றிப் பேசக்கூடாது. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சும் ஷெல்லடியும் தொடங்கியதும் சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை சனங்கள் உடுத்த துணியோடு ஓடினார்கள். அந்த வருடம் செப்டெம்பரில் இராணுவம் சம்பூரைப் பிடித்தது. 2007இல் அது உயர்பாதுகாப்பு வலயம் ஆனது. கிளிவெட்டி முதலான முகாம்களில் வருடக்கணக்காக, சிலர் பத்து வருடம் வரைக்கும், தகரக் கொட்டிலுக்குள் கிடந்தார்கள். ஊர் இல்லாத அந்தக் காலத்தில்தான் ஊர்க்காணிக்கு மேல் திட்டங்கள் வந்தன. இந்தியாவின் என்.டி.பி.சி.யும் நமது மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் என்றார்கள். அதற்கு 500 ஏக்கர். அதைத் தவிர 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. அந்த 818 ஏக்கரை 2015இல்தான் திரும்ப விட்டார்கள். நிலக்கரித் திட்டத்தைச் சூழல் அமைப்பினர் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்கள். அதைக் கைவிடுவதாக அரசு 2016 செப்டெம்பரில் நீதிமன்றத்தில் சொன்னது. நிலக்கரி போனது, காணி போன இடத்திலேயே நின்றது. 2022இல் அதே இரண்டு தரப்பும் சூரிய மின்சாரத்துக்கு ஒப்பந்தம் போட்டன. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமரும் நமது ஜனாதிபதியும் கொழும்பில் இருந்தபடி காணொளி வழியாகத் தொடக்கி வைத்தார்கள். 120 மெகாவாட்.

கணக்குப் போடுங்கள். நிலத்தில் வழமையாகத் தகடு பதிக்கிற முறையில் ஒரு மெகாவாட்டுக்கு நாலு, ஐந்து ஏக்கர் வேண்டும். 120 மெகாவாட்டுக்கு 500, 600 ஏக்கர் வரும். நாடு 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தைச் சூரியன், காற்று, நீர் என்று புதுப்பிக்கத்தக்க வழியில் எடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறது. அப்படியானால் இது கடைசிக் காணி அல்ல.

நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரி இல்லை. 2022இல் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவள் நான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை இருட்டில் வைத்துப் பாடம் எடுத்தவள். டொலர் கொடுத்து எண்ணெய் வாங்கி எரிக்கிற நாட்டுக்கு, இந்த மாவட்டத்தில் கொட்டுகிற வெயில் பெரிய சொத்து. பகலில் மின்சாரம் மிஞ்சிப் போவதும், பொழுது சாய்ந்ததும் பற்றாமல் போவதும், 2025 பெப்ரவரியில் நாடே இருண்டபோது ஒரு குரங்கின் மேல் பழி விழுந்ததும் வேறு கதை. (பாவம் அந்தக் குரங்கு, அதற்குச் சங்கம் இல்லை.) பெற்றரி வந்தால் அந்தச் சிக்கல் குறையும். நான் கேட்பது வேறு. வெயிலைப் பிடிக்கிற தகடு மண்ணையும் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

இதே மாவட்டத்தில் முத்துநகர் என்று ஒரு இடம் இருக்கிறது, பட்டினமும் சூழலும் பிரதேசத்தில். துறைமுகத்தைச் சுற்றியிருக்கிற பெருங்காணிகள் வர்த்தமானி மூலம் துறைமுக அதிகாரசபைக்குப் போனவை. அந்தக் காணியின் ஒரு பகுதியில் அரை நூற்றாண்டாகச் சனங்கள் நெல் விதைத்து வந்தார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் அதில் உண்டு. ஏறக்குறைய 800 ஏக்கர், சுமார் 350 விவசாயிகள். காணி சூரிய மின் திட்டங்களுக்கென்று கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2025இல் விவசாயிகள் வயலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். தங்கள் குளமும் மூடப்பட்டது என்பது அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற முறைப்பாடு. அந்தச் செப்டெம்பரில் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பெரும்போகத்துக்கு மண்ணைப் பதப்படுத்த வேண்டிய நேரத்தில் அவர்கள் வீதியோரத்தில் இருந்தார்கள். கையில் உறுதி இல்லை, பேர்மிட் இல்லை. நீதிமன்றத்தில் கேட்டது காகிதம். இவர்களிடம் இருந்ததோ வயலும் வரம்பும் வெடித்த கையும்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொள்ளும். காகிதம் இல்லாமல் நிலத்தில் உழைத்த கதை நம்முடைய கதை. 1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் வவுனியாவிலும் இந்தத் திருகோணமலை மாவட்டத்திலும் காடு வெட்டிக் குடியேறின. காந்தியம் அமைப்பு அவர்களுக்குக் கை கொடுத்தது. 1983இல் அந்த அமைப்பையே முடக்கினார்கள். அதன் டொக்டர் ராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். மண்ணைத் தேடி வந்தவர்கள் மறுபடி மண்ணை இழந்தார்கள். நேற்று மத்தியானம் சாப்பிட்ட இடத்தில் ஒரு பெரியவர் "நாங்க பதுளப் பக்கம்" என்று சொன்னதைக் கேட்டீர்கள்தானே.

சரி, அக்காவின் கேள்வி. கண்ணாடிக்கு அடியில் முளைக்குமா?

முளைக்கும். அதை என்னைவிட நீங்கள்தான் நன்றாகச் சொல்ல முடியும். தேயிலை மலையில் ஏன் சவுக்கு மரம் நட்டிருக்கிறார்கள்? ஏன் முள்முருங்கை? துரைமார் அழகு பார்க்கவா? வெயில் வடிகட்டி விழுந்தால் கொழுந்துக்கு நல்லது. மண்ணின் ஈரம் காயாது. உதிர்கிற இலை உரமாகும். மழைக்காலம் வந்தால் அதே மரத்தின் கொப்பை வெட்டிவிடுகிறோம். நிழலும் ஈரமும் சேர்ந்தால் கொப்புள நோய் பிடிக்கும். 1946இல் அந்த நோய் இந்த நாட்டுக்குள் வந்த பிறகு நிழலைப் பற்றித் தோட்டத்துக்காரர்கள் புதிதாகப் படிக்க வேண்டி வந்தது. எவ்வளவு நிழல், எந்த மாதத்தில், எந்த மலையில் என்பது நமது தாத்தாமாருக்கும் பாட்டிமாருக்கும் கைக்கணக்கு. இன்று உலகத்தில் பெரிய பெரிய பொறியியலாளர்கள் ஆராய்ச்சி செய்வது இதைத்தான். மரத்துக்குப் பதிலாகத் தகடு, அவ்வளவுதான்.

இலைக்கு வெயில் வேண்டும். ஆனால் ஒரு அளவுக்கு மேல் போனால் அது அந்த வெயிலைச் சாப்பிடுவதில்லை. மிச்ச வெயில் சூடாகத்தான் விழுகிறது, செடி தண்ணீரை இழந்து தன்னைக் குளிர்த்திக்கொள்கிறது. அந்த மிச்சத்தை மேலேயே தகடு பிடித்துக்கொண்டால் செடிக்குப் பெரிய நட்டம் இல்லை. தகட்டுக்கும் லாபம் உண்டு. சூடு ஏற ஏறச் சோலார் தகட்டின் மின்சாரம் குறையும். அடியில் பச்சை இருந்தால் செடி விடுகிற ஈரத்தில் தகடு கொஞ்சம் குளிர்கிறது. எல்லாப் பயிருக்கும் இது பொருந்தாது. சோளம், கரும்பு எல்லாம் முழு வெயில் கேட்கிற சாதி. கீரை, கிழங்கு, பயறு, மிளகாய், தக்காளி இவற்றுக்கு இடத்தைப் பார்த்துக் கொடுக்கலாம்.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. ஜெர்மனியில் கோட்ஸ்பெர்கர் என்ற விஞ்ஞானியும் அவரோடு வேலை செய்த ஒருவரும் 1981இலேயே தகட்டுக்கு அடியில் உருளைக்கிழங்கு போடலாம் என்று கட்டுரை எழுதினார்கள். தகட்டைத் தரையில் படுக்க வைக்காதே, ஆளுயரத்துக்குத் தூக்கு, வரிசைக்கு வரிசை இடைவெளி விடு, வெளிச்சம் நகர்ந்து நகர்ந்து எல்லாச் செடிக்கும் விழும் என்றார்கள். அப்போது தகடு தங்க விலை. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2016இல் அதே நாட்டில் ஹெக்கல்பாக் என்ற பண்ணையில் ஐந்து மீற்றர் உயரத்துக்குத் தகட்டைத் தூக்கி, அடியில் உழவு இயந்திரமே போகிற மாதிரிச் செய்து பார்த்தார்கள். முதல் வருடக் கணக்கை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். வெறும் வயலில் 100 மூட்டை கிழங்கு என்றால் தகட்டுக்கு அடியில் 80க்குக் கொஞ்சம் மேல். வெறும் சோலார் காணியில் 100 அலகு மின்சாரம் என்றால் இங்கேயும் 80க்குக் கொஞ்சம் மேல். இரண்டையும் கூட்டுங்கள். 160. 100 ஏக்கர் காணி 160 ஏக்கர் வேலை செய்திருக்கிறது. 2018இல் அங்கே கொடும் வெயில், மழை இல்லை. அந்த வருடம் தகட்டுக்கு அடியில் கிழங்கு வெறும் வயலைவிட 11 சதவீதம் கூட வந்தது. காணியின் கணக்கு 186 ஆனது. வரட்சி வந்தபோது நிழல் ஜெயித்தது.

அது குளிர் நாடு. நமக்குத் திருகோணமலை வெயிலுக்குக் கணக்கு வேண்டும் என்றால் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தைப் பார்க்கலாம். அங்கே ஒரு பல்கலைக்கழகம் தகட்டுக்கு அடியில் மிளகாயும் தக்காளியும் நட்டது. 2019இல் வெளிவந்த முடிவு: காட்டு மிளகாய் மூன்று மடங்கு காய்த்தது, தக்காளி இரண்டு மடங்கு. இன்னொரு வகை மிளகாய் அதே அளவுதான் காய்த்தது, ஆனால் செடி இழந்த தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்து போனது. கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகிற இந்த மாவட்டத்தின் சிறுபோகக் காலத்தை நினைத்துக்கொண்டு அந்தக் கணக்கைக் கேளுங்கள். இந்தியாவில் ராஜஸ்தானின் ஜோத்பூரில் வரண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் 105 கிலோவாட் தகடு வைத்து இடையில் பாசிப்பயறு போட்டது. தகட்டின் மேல் விழுகிற மழையைப் பீலி வைத்துத் தொட்டிக்கு எடுத்து, தகடு கழுவவும் பயிருக்கு விடவும் பயன்படுத்துகிறார்கள். கொச்சி விமான நிலையம் 2015இல் முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறியது உங்களில் சிலருக்குத் தெரியும். அங்கே 45 ஏக்கரில் தகடு. வரிசைகளுக்கு இடையில் மரக்கறி போட்டிருக்கிறார்கள். தகடு கழுவுகிற தண்ணீர் மரக்கறிக்குப் போகிறது.

நெல்லைப் பற்றி ஜப்பானில் பார்த்திருக்கிறார்கள். நிழல் 30 சதவீதம் அளவில் நின்றால் விளைச்சல் 80 சதவீதத்துக்குக் குறையாமல் எடுக்கலாம், 40ஐ நெருங்கினால் கை நழுவிப் போகும் என்பது 2021இல் வந்த ஒரு ஆய்வின் கணக்கு. ஆகவே முத்துநகர் மாதிரி நெல் வயலில் இதைச் செய்ய முடியாது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. தகட்டைக் குறைவாக, தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். கம்பனிக்கு அது கசக்கும்.

ஜப்பான் என்றதும் தேயிலையைச் சொல்லாமல் விட மாட்டேன். அங்கே மச்சா என்று ஒரு பச்சைத் தேயிலைத் தூள். அதற்குக் கொழுந்து எடுக்க முன் சில கிழமை செடியை வலை போட்டு மூடி நிழலில் வைப்பது பரம்பரை வழக்கம். இப்போது ஷிசுவோக்காவில் சில தோட்டங்களில் வலைக்கு மேலே தகடு நிற்கிறது. மேலே மின்சாரம், நடுவில் நிழல், கீழே கொழுந்து. கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது, பயமும் வந்தது. சந்தோஷம் உங்களுக்குப் புரியும். பயம் ஏன் என்று சொல்கிறேன்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்த முடிச்சின் பெயர் இரும்பு. தகட்டைத் தரையோடு பதித்தால் கால் குட்டை, செலவு குறைவு. ஆள் நடமாடுகிற உயரத்துக்குத் தூக்கினால் கால் நீளம், அத்திவாரம் ஆழம், காற்றுக்குத் தாங்க வேண்டும், செலவு கூட. கிழக்குக் கரையில் 1978இல் அடித்த சூறாவளியைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கால் நீளத்தோடு விளையாட முடியாது. ஆகவே கம்பனிக்காரன் குட்டைக் காலோடுதான் வருவான். கால் குட்டையானால் கீழே ஆள் குனிந்து போக முடியாது, களை முளைத்தால் மருந்து அடிப்பான், பிறகு சுற்றி வேலி. காலுக்கு மிச்சம் பிடித்த காசைக் கம்பனி எடுத்துக்கொள்கிறது. அந்த மிச்சத்தின் விலையை வயலை இழந்தவன் கொடுக்கிறான். இங்கே பயிரா மின்சாரமா என்று சண்டை போடுவது எனக்குப் பிழையாகப் படுகிறது. அந்த ஆறேழு அடி இரும்பின் காசை யார் கொடுப்பது என்பதில்தான் சண்டை போட வேண்டும்.

குறைந்தபட்சம் மாடாவது மேயலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வெளிநாட்டில் தகட்டுக்கு அடியில் செம்மறி மேய்க்கிறார்கள், புல்லும் குறையும் ஆட்டுக்கும் நிழல். செம்மறிதான். நமது வெள்ளாட்டை விட்டால் தகட்டின் மேல் ஏறி நின்று வயரைக் கடிக்கும். மாட்டுக்குக் கால் உயரம் வேண்டும். மறுபடி இரும்புக்குத்தான் வருகிறோம்.

இன்னொன்று தண்ணீர். தகட்டின் மேல் விழுகிற மழை ஓரத்தால் ஒரே கோடாக ஊற்றும். தட்டை நிலத்திலேயே அது மண்ணில் குழி பறிக்கும். நமது மலைச் சரிவில் என்ன நடக்கும் என்று கான் வெட்டிய உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மலையில் இதைச் செய்வதென்றால் கான் திட்டம் முதலில், தகடு பிறகு.

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு சின்ன வேலை செய்து பார்த்தேன். இரண்டு பாத்தி. ஒன்று வெட்டவெளி. மற்றதற்கு மேலே பழைய தகரத் துண்டுகளை இடைவெளி விட்டுக் கட்டினோம். இரண்டிலும் பாதி வல்லாரை, பாதி மிளகாய். தகரத்துக்கு அடியில் வல்லாரை தளதளவென்று வந்தது, பிள்ளைகள் சம்பல் செய்து சாப்பிட்டார்கள். மிளகாய் நீட்டி நீட்டி வளர்ந்து பூவை உதிர்த்தது. அரிசோனாவில் மூன்று மடங்கு காய்த்த சாதி மூடுபனியில் சோம்பிப் போனது. திருகோணமலைக்குச் சரியானது ஹட்டனுக்குச் சரியாக வராது. "எங்கேயோ ஜெர்மனியில் நடந்தது" என்று யாராவது படம் காட்டி உங்களை மயக்க வந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். இந்த மலையில், இந்த மண்ணில், மூன்று போகம் செய்து காட்டு என்று கேளுங்கள்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். பெயருக்குப் பயிர், உண்மையில் மின்சாரம் என்று ஏமாற்றுவது எல்லா ஊரிலும் நடக்கும். இரண்டு கீரைப் பாத்தியைப் போட்டுப் படம் பிடித்துவிட்டு, விவசாயமும் நடக்கிறது என்று அறிக்கை எழுதலாம். அதனால்தான் ஜப்பான் 2013இல் விவசாய நிலத்தில் தகடு தூக்க அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டது. பக்கத்து வயல்களின் விளைச்சலில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் அனுமதி போகும். பிரான்ஸ் 2023இல் சட்டம் கொண்டு வந்து, 2024இல் ஒழுங்குவிதி எழுதியது. அங்கே விளைச்சல் 10 சதவீதத்துக்கு மேல் விழக் கூடாது. இரண்டு நாட்டிலும் தகட்டுக்காரன் நல்லவன் என்று நம்பி விடவில்லை. அளவு கோல் வைத்தார்கள். விளைச்சலை நிறுத்துப் பார்க்க ஆள் வைத்தார்கள். முத்துநகர்ச் சனங்களிடமும் சம்பூர்ச் சனங்களிடமும் யாராவது இப்படி ஒரு தாளைக் கொண்டு வந்து காட்டி, "உங்கள் வயலில் நீங்களே விதையுங்கள், மேலே நாங்கள் தகடு வைக்கிறோம், இத்தனை உயரம், இத்தனை இடைவெளி, இத்தனை வாடகை" என்று கேட்டிருந்தால் பேச்சே வேறு.

இதெல்லாம் கிழக்கு மாகாணத்துப் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைத்தால் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பாருங்கள். மின்சாரத்துக்கு மலையகம் கொடுத்தது கொஞ்சமா? மவுஸ்ஸாக்கலை அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்கு அடியில் போனது. வரட்சிக்கு நீர் வற்றினால் பழைய கோயில் தலை காட்டும், நம் சனம் போய்க் கும்பிட்டு வரும். மேல் கொத்மலை 2012இல் 150 மெகாவாட்டோடு திறந்தது. தலவாக்கலையில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின, சென் கிளேயர் அருவி மெலிந்தது. அந்தத் தண்ணீரில் கொழும்பு வெளிச்சமானது. அதன் கரையில் இருந்த லயங்களுக்கு எத்தனை வருடம் கழித்து வயர் வந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தண்ணீருக்கு முன் ஒரு வரி எழுதி வாங்க அன்று நமக்குத் தெரியவில்லை. வெயிலுக்கு முன் எழுதி வாங்கத் தெரிய வேண்டும்.

தோட்டக் காணி யாருடையது? அரசுடையது. 1992இல் கம்பனிகளின் கைக்குப் போனது. குத்தகை 53 வருடம் என்று கணக்கு வைத்தார்கள், பெரும்பாலானவை 2045இல் முடியும். ஒரு சோலார் தகட்டின் ஆயுள் 25 வருடம். மின்சாரம் விற்கிற ஒப்பந்தம் வழமையாக 20 வருடம். தரிசாகக் கிடக்கிற ஒரு மலையில் நாளைக்குத் தகடு வந்தால் அது குத்தகையைவிட நீண்ட நாள் இருக்கும். மானாப் புல் மண்டிய அந்த மலையில் நமது பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் காணி கேட்டு எத்தனை வருடமாகக் கத்துகிறோம். ஏழு பேர்ச்சா பத்துப் பேர்ச்சா என்று இழுபறி. அங்கே மரக்கறி போட்டுக் கொண்டிருக்கிற குடும்பங்களும் உண்டு. அவர்களிடமும் காகிதம் இல்லை. 2045இல் காணிப் பேச்சு திறக்கும்போது அந்த மலையில் ஏற்கெனவே இரும்புக் கால் நின்றால், "அங்கே மின் நிலையம் இருக்கிறது" என்பதே பதிலாகிவிடும்.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக் கூரையில் தகடு வைத்து மின்சார சபைக்கு விற்கிற திட்டம் 2016இலிருந்து இருக்கிறது. அதற்குக் கூரை உங்கள் பெயரில் இருக்க வேண்டும். லயத்துத் தகரம் யார் பெயரில்? ஆகவே காணி, வீடு, வெயில் மூன்றும் ஒரே கோரிக்கைதான். தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் தனித்தனியாகவே மறுப்பார்கள்.

கம்பனியோடு பேசுகிற மேசையில் நாம் என்ன கேட்க வேண்டும் என்பதில் என் யோசனையைச் சொல்கிறேன், நீங்கள் திருத்துங்கள். தகட்டின் கீழ் விளிம்பு தரையிலிருந்து எத்தனை அடி என்பது ஒப்பந்தத்தில் எண்ணாக இருக்க வேண்டும், "போதிய உயரம்" என்ற சொல்லை ஏற்கக் கூடாது. அடியில் பயிர் செய்கிற உரிமை கம்பனியின் ஒப்பந்தக்காரனுக்கு இல்லை, அந்தத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு, பெண்களின் பெயரிலும் சேர்த்து, தகடு நிற்கிற காலம் முழுக்க. குளம், ஊற்று, கான் எதையும் மூடக் கூடாது. விளைச்சல் குறைந்தால் யார் ஈடு கொடுப்பது, தகடு பழசானால் யார் கழற்றி எடுத்துப் போவது என்பதும் எழுத்தில் வர வேண்டும். மின்சார வருமானத்தில் ஒரு பங்கு வேண்டுமா, அல்லது லயங்களுக்கு இலவச மின்சாரம் வேண்டுமா என்பதில் எனக்கு உறுதியான முடிவு இல்லை. நேற்று ராத்திரி இதைப் பற்றி நமது இரண்டு கிளைத் தலைவர்கள் பதினொரு மணி வரை சண்டை போட்டார்கள். இன்றும் தொடரட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. இப்போது உங்கள் கையில் வரப்போகிற தாள் நானும் இரண்டு பிள்ளைகளும் ராத்திரி எழுதிப் போட்டோகொப்பி எடுத்தது, எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள். உங்கள் டிவிஷனில் தரிசாகக் கிடக்கிற ஒவ்வொரு மலையையும் அதில் எழுதுங்கள். மலையின் பெயர், நம்பர், எத்தனை ஏக்கர் இருக்கும், ஊற்று இருக்கிறதா, இப்போது யார் யார் அங்கே மரக்கறி போடுகிறார்கள், எத்தனை வருடமாக. வயதானவர்களைக் கேட்டு எழுதுங்கள், கணக்கப்பிள்ளையைக் கேட்டு எழுதாதீர்கள். யார் பயிர் செய்கிறாரோ அவர் கையெழுத்தோ கைநாட்டோ பக்கத்தில் இருக்கட்டும், திகதியோடு. முடிந்தால் போனில் ஒரு படம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னால் தாள் மாவட்டக் காரியாலயத்துக்கு வந்து சேர வேண்டும்.

பின்சீட்டு அக்காவுக்கு இரண்டு தாள் கொடுங்கள் தம்பி. அவங்க டிவிஷன் பெரிசு.